குடிக்கிற தண்ணிக்கு என்ன எண்ணெய்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குக் கடையில் கிடைத்தது. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் மோட்டார் சாமான் விற்கிற மணிவேலின் கடை. நான் போனது கதை தேடி அல்ல, எண்ணெய் தேடி. வீட்டில் சின்னதாக ஒரு காற்று கம்ப்ரசர் வைத்திருக்கிறேன். கதவு ஜன்னலுக்கு நாமே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், வண்டிக்கு நாமே காற்றுப் பிடிக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கி, ஒரே ஒரு ஜன்னலோடு ஆசை தீர்ந்து, படுதா போட்டு மூடிவைத்த சாதனம். அதற்கும் எண்ணெய் மாற்றவேண்டும் என்று திடீரென்று ஞானம் வந்தது. எந்த எண்ணெய் என்கிற ஞானம் மட்டும் வரவில்லை.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல மீசை, வேட்டியில் கிரீஸ் கறை. மருந்துக்கடையில் வெளியே சொல்லக் கூச்சப்படும் வியாதிக்கு மாத்திரை கேட்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, குடிக்கிற தண்ணிக்கு என்ன ஆயிலு ஊத்துறது?”

மணிவேல் நிமிர்ந்தான். “போர் கம்ப்ரசருக்குங்களா? இதுவரைக்கும் என்ன ஊத்துனீங்க?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளில் ஆழ்ந்துபோனேன்.

“கடல எண்ணெ.”

பிறகு மணிவேல், சிரிப்பை எங்கேயோ ஒளித்துவைத்துக்கொண்டு, “ரீஃபைண்டுங்களா, செக்குங்களா?” என்றான்.

“செக்குதான். எங்க கொல்லையில வெளஞ்ச கடல.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஓங்கியது.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதற்குப் பிறகு ஒரு போன் பேச்சு நடந்தது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன். மற்றதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. கொளஞ்சியப்பன் என்று வைத்துக்கொண்டேன். வீட்டைக் குரும்பலூருக்குக் கொஞ்சம் தள்ளி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் கட்டிக்கொடுத்தேன். எழுதுகிறவனுக்குச் செங்கல் சிமெண்டுச் செலவு கிடையாது.

2

எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு. எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்களை மறைக்காமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: “பெரம்பலூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் சரிந்து வருவதை நாம் அனைவரும் அறிவோம். இந்நிலையில் —”

(இந்நிலையில் யாரும் மேற்கொண்டு படிக்கமாட்டார்கள். விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: “கொல்லைப்புறத்தில் கம்ப்ரசர் ஒரு கிழட்டு மாட்டைப் போல —”

(மாடு வேண்டாம். என் கதைகளில் எது பழுதானாலும் அதை மாடாக்கிவிடும் வழக்கம் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள்.)

மூன்றாம் தொடக்கம்: “சம்மந்தியம்மாளிடம் கொளஞ்சியப்பன் மீசையை அடகு வைத்தார்.”

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

[இங்கே ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். எங்கள் பக்கம் போர் ஆழமாக இருக்கும், தண்ணீர் கொஞ்சமாக இருக்கும். உள்ளே மோட்டாரை இறக்கினால் தண்ணீரில்லாத நேரத்தில் வெந்துபோகும். அதனால் மேலே கம்ப்ரசரை வைத்து, குழாய் வழியாகக் காற்றை உள்ளே ஊதுவார்கள். அந்தக் காற்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். கம்ப்ரசருக்குள் ஊற்றியிருக்கும் எண்ணெயும் காற்றோடு துளித்துளியாகக் கிளம்பிவரும். இந்தக் கதையின் வம்பெல்லாம் அந்தத் துளியில்தான் இருக்கிறது.]

3

கொளஞ்சியப்பனுக்கு ஒரே பெண், வெற்றிச்செல்வி. அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. முறைப்படி மூன்று மாதம் தாயும் சேயும் இங்கேதான் இருக்கவேண்டும். ஆனால் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த சம்மந்தியம்மாள், பேச்சோடு பேச்சாக ஒரு கல்லை எறிந்தார்.

“உங்க பக்கம் கம்ப்ரசர் தண்ணிதான? எண்ணெ மெதக்குமே. பச்சப்புள்ளைக்கு ஒத்துக்குமா? பேசாம நாங்களே அழைச்சிட்டுப் போயிடுறோம்.”

கொளஞ்சியப்பனுக்குச் சுருக்கென்றது. மகள் போய் இரண்டு வருஷம். அவள் இல்லாத வீட்டில் அவரும் மனைவி மலர்கொடியும் டிவியை ஓடவிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மூன்று மாதத்தைத்தான் அவர் ஆசை ஆசையாக எதிர்பார்த்திருந்தார். அதற்கும் ஆபத்து என்றதும் வாய் முந்திக்கொண்டது.

“எங்க வூட்டுத் தண்ணியில ஒரு சொட்டு எண்ணெ மெதந்தா எம் மீசைய எடுத்துடுறேன் சம்மந்தி.”

வீட்டுக்கு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். வெயிலில் தண்ணீர் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. டிராக்டருக்குக் கம்பெனி சொன்னபடி பார்த்து வாங்கியதில் மிஞ்சிய எஞ்சின் ஆயிலைத்தான் அவர் இத்தனை வருஷமும் கம்ப்ரசருக்கு ஊற்றி வந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருந்தது.

யோசித்தார். எண்ணெய் இல்லாமல் மெஷின் ஓடாது. ஊற்றினால் தண்ணீரில் வராமலும் இருக்காது. அப்படியானால் வருகிற எண்ணெய் நல்ல எண்ணெயாக இருந்துவிட்டுப் போகட்டுமே! வாயில் வைக்கிற எண்ணெய் வயிற்றை என்ன செய்துவிடும்? மலர்கொடி கடைக்குப் போன நேரம் பார்த்து அடுக்களைக்குள் நுழைந்தார். செக்கில் ஆட்டிவந்த கடலை எண்ணெய், பலகாரத்துக்கென்று ஒரு தூக்கு நிறையப் பரணில் இருந்தது. பழைய எண்ணெயை வடித்துவிட்டு, கம்ப்ரசரின் கண்ணாடியில் பாதி மட்டம் தெரிகிறவரை ஊற்றினார். பேத்திக்குப் பாலாடையில் புகட்டுகிற பக்குவத்தோடு, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார்.

மெஷின் ஓடியது. முன்பைவிடச் சத்தம் குறைந்ததாகக்கூட அவருக்குத் தோன்றியது.

4

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவில் நடந்தேன். எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

டிராக்டர் வைத்திருக்கிறவர் இப்படிச் செய்வாரா? கம்பெனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதையும் டிராக்டர் பக்கத்தில் கொண்டுவரவிடாத மனிதர். நான்தானே அவரை அப்படி உண்டாக்கினேன்? அவரே கடலை எண்ணெயை மெஷினில் ஊற்றினார் என்றால் வாசகர் என்னை நம்புவாரா? ஒன்றும் தெரியாத ஒருவரை வைத்து எழுதினால் வேலை சுலபம்.

ஆனால் கடையில் நான் பார்த்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தானே அவ்வளவு வெட்கம்? டிராக்டருக்கு என்ன ஊற்றவேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். பேத்தி குடிக்கிற தண்ணீர் என்று வந்ததும் மெஷின் மறந்துவிட்டது, குழந்தை மட்டும் ஞாபகத்தில் நின்றது. பெண்ணைப் பெற்றவனிடம் போய் கிரேடு, நம்பர் என்று பேச முடியாது. மனிதர் இருக்கட்டும். மாற்றப்போவதில்லை.

(இன்னொரு சபலமும் இருந்தது. எல்லாம் அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டுவந்து, இரண்டு வார்த்தையில் எல்லோரையும் வாயடைக்கச் செய்யலாமா என்று. அப்படிப்பட்டவர்களைக் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வாய்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் “பாத்துதான் சொல்லணும்” என்பவர்கள்.)

5

பத்து நாள் போலப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை இளவரசன் குழந்தையைப் பார்க்க அரியலூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். பொறுமையான பிள்ளை. வந்ததும் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். இரண்டு கை தண்ணீர் முகத்தில் பட்டதும் மூக்கை உயர்த்தினான்.

“மாமா, அத்தை வடை சுடுறாங்களா?”

கொளஞ்சியப்பனுக்குப் புரிந்துபோயிற்று. சூடான மெஷினுக்குள் வெந்த கடலை எண்ணெய், காற்றோடு போருக்குள் போய்த் தண்ணீரோடு மணமணக்க வந்துகொண்டிருந்தது.

“ஆமா மாப்ள. இப்பதான்… ஆரம்பிக்கிறா.”

மாப்பிள்ளை சந்தோஷமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வடைக்குக் காத்திருந்தான்.

கொளஞ்சியப்பன் அடுக்களைக்கு ஓடினார். “ஏ மலரு, வடை சுடு.”

“என்ன திடீர்னு?”

“மாப்ள கேக்குறாரு.”

எந்த நேரத்தில் கேட்டாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். மலர்கொடி உளுந்தை ஊறப்போட்டுவிட்டு, எண்ணெய்த் தூக்கை இறக்கினாள். இறக்கியவள் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல இருந்த எண்ணெ எங்கங்க?”

அதற்குப் பதில் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. கம்ப்ரசர் இரண்டு தரம் முக்கியது, படபடவென்று அடித்துக்கொண்டது, நின்றுவிட்டது. பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. குழாயில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, அதுவும் நின்றது.

இளவரசன் வந்து மெஷினைப் பார்த்தான். காய்ந்த குழாயைப் பார்த்தான். தோளில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தான். குரலில் குத்தல் எதுவும் இல்லாமல்தான் சொன்னான்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க மாமா. தண்ணியில்லாம கைப்புள்ளைய வச்சுக்கிட்டு நீங்களும் என்ன பண்ணுவீங்க? நாளைக்குக் காலையில காரு எடுத்துட்டு வரேன். மெஷினு சரியாவுற வரைக்கும் ரெண்டு பேரும் அரியலூர்ல இருக்கட்டும்.”

சரியாகிற வரைக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஒரு தரம் போன தொட்டில் திரும்பி வராது. வடை சாப்பிடாமலே மாப்பிள்ளை கிளம்பினான். பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் வாங்கிவந்து மலர்கொடி பேத்தியைக் குளிப்பாட்டினாள். கொளஞ்சியப்பன் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் புறப்பட்டார்.

6

இப்போது அந்தப் போன் பேச்சு. இது நான் காதால் கேட்டது, இட்டுக்கட்டியது அல்ல.

மணிவேல் தனக்குத் தெரிந்த கம்ப்ரசர் மெக்கானிக் தங்கசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். வீட்டில் கைக்குழந்தை இருப்பது முதல் கடலை எண்ணெய் வரை எல்லாவற்றையும் கேட்டதும் மறுமுனையில் ஒரு நீண்ட சிரிப்பு. இருமல் வந்துதான் அது நின்றது.

“மன்னிச்சுக்குங்கண்ணே. சக்கரத்தக் கையால சுத்துனா சுத்துதா?”

“சுத்துது. கொஞ்சம் இறுக்கமா.”

“அப்ப பொழச்சுது.”

மீசைக்காரர் அப்படியே பக்கத்திலிருந்த ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மீசையையும் சேர்த்துத் துடைத்தார். எனக்கே நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்த முகத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

“வடச்சட்டி ஓரத்துல பிசினாட்டம் ஒட்டிக்கிட்டுக் கெடக்குமில்ல, அதான் வால்வுல புடிச்சிருக்கும். கழுவிடலாம். இன்னும் நாள் கழிச்சிருந்தா கரி அடச்சு உள்ளாறயே தீப்புடிக்கவும் வாய்ப்பிருக்கு. டிராக்டர் ஆயிலும் வேணாம்ணே. அது நொர கட்டும், கரி சேத்துடும். கம்ப்ரசர் ஆயில்னே தனியா விக்கிது,” என்றான் தங்கசாமி.

“எந்த நம்பரு தம்பி?”

“நம்ம வெயிலுக்கு நெறைய பேரு நூறுதான் ஊத்துறாங்க. ஆனா மெஷினுக்கு மெஷின் மாறும். பாத்துதான் சொல்லணும். உங்க மெஷின்லயே தகட்டுல அடிச்சிருப்பானே, பாத்தீங்களா?”

“தகடா? எம் மெஷின்ல ஏது தகடு?”

“இருக்கும். சாயந்தரம் வந்து வால்வப் பிரிச்சுத் தரேன். காத்துக்குழாயில மாட்டுற ஆயில் ஃபில்டர் ஒண்ணும் வாங்கிக்குங்க, எண்ணெய அங்கயே புடிச்சுக்கும். இருந்தாலும் புள்ளைக்குக் குடிக்க வேற தண்ணி வச்சுக்குங்க. இது குளிக்க, பொழங்க.”

அவர் ஆயில் கேனையும் ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் என்னைத் தாண்டும்போது, “நீங்களும் கம்ப்ரசர்தானா?” என்றார். ஆமாம் என்றேன். “பாத்து ஊத்துங்க சார்,” என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இனி வருவதெல்லாம் என் புளுகு. மனசார நம்பிச் சொல்கிற புளுகு.

7

தகடு இருந்தது.

வாங்கிய வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கொளஞ்சியப்பன் மெஷினைக் கழுவி, நெற்றி மாதிரி தட்டையாக எந்த இடம் தெரிகிறதோ அந்த இடத்தில் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். போன வருஷத்துச் சந்தனத்தின் மேலேயே இந்த வருஷத்துச் சந்தனம். தகடு அதற்கு அடியில் பத்திரமாக இருந்தது. கொல்லைப்புறத்தில் குத்தவைத்துத் தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிச்செல்வி வந்து நின்றாள்.

“என்னப்பா தேடுற?”

“எழுத்து தெரியுதா பாரு. இங்கிலீஷா இருக்கும், படிச்சுச் சொல்லு.”

அவள் குனிந்து பார்த்தாள். “கம்ப்ரசர் ஆயில் மட்டும்னு போட்டிருக்கு. நூறு. கீழ இன்னொரு வரி… எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள்.” சிரித்துவிட்டாள். “தமிழ்லயேதாம்ப்பா எழுதியிருக்கு.”

அவர் நாரைக் கீழே போட்டார். மகள் முகத்தைப் பார்க்காமல் மெஷினிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். தூக்கு, கடலை எண்ணெய், வடை வாசனை, எல்லாம்.

“எனக்குப் பத்து நாளா சந்தேகந்தான்,” என்றாள். “பாப்பாவக் குளிப்பாட்டுனா வடை வாசம் அடிக்குது. அம்மா எனக்குத் தெரியாம சுட்டுத் திங்குதுன்னு நெனைச்சேன்.”

“ஒன்னைய அனுப்ப மனசு வரலம்மா.” கொளஞ்சியப்பன் கண்ணைத் துடைத்தார். கையில் ஒட்டியிருந்த சந்தனம் கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

“யாரு போறேன்னா? மூணு மாசம் இருந்துட்டுத்தான் போவேன். அவரு வந்தா நான் பேசிக்கிறேன்.”

“அப்ப என் எண்ணெ மெஷின்லதான் கெடக்குதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மலர்கொடி எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது.

சாயந்தரம் தங்கசாமி வந்து வால்வைக் கழுவி மாட்டினான். ஃபில்டரைப் பொருத்தி, நூறாம் நம்பர் எண்ணெயைக் கண்ணாடியில் பாதி மட்டத்துக்கு ஊற்றி, சுவிட்சைப் போட்டான். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் கலங்கலைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. வீட்டார் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். முதல் தண்ணீரையெல்லாம் வாழைக்கு ஓடவிட்டார்கள்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன்.

ஒன்றில் கார் வருகிறது, வெற்றிச்செல்வி எவ்வளவோ பேசியும் கேட்காமல் குழந்தையை ஏற்றிக்கொண்டு —

(முடியவில்லை. பேனா மறுத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். மறுத்தது நான்தான்.)

இன்னொன்றில் கார் வரவே இல்லை. அது ஏமாற்று வேலை. வருகிறேன் என்ற மாப்பிள்ளை வரவேண்டும்.

ஆகவே இளவரசன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் வாசலில் நின்றது. கொளஞ்சியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். பின்கதவைத் திறந்தான் மாப்பிள்ளை. குழந்தைக்கு மெத்தை விரித்திருப்பான் என்று அவர் நினைத்த பின்சீட்டு முழுக்கத் தண்ணீர் கேன்கள்.

“அம்மாதான் ஏத்திவிட்டாங்க மாமா. கைப்புள்ளைய எதுக்குடா அலைக்கழிக்கிற, தண்ணிய அலைக்கழி, அவங்க வூட்டுல இருக்கவேண்டிய நாள் இருந்துட்டுத்தான் வரணும்னு ஒரே சத்தம். ஆஸ்பத்திரியில என்னவோ வாய் தவறிச் சொல்லிட்டேன், அந்த மனுசன் மீசை வரைக்கும் போயிட்டாருன்னு வருத்தப்பட்டாங்க.”

இரண்டு கையிலும் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன கொளஞ்சியப்பனுக்கு, வைத்துவிட்டு வெளியே வர ரொம்ப நேரம் பிடித்தது. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அடுக்களையில் மலர்கொடி புது எண்ணெயில் நேற்றைய கடனுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் மணத்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மனிதருக்கு மீசை இருக்கிறதே. “கேன் தண்ணி பாப்பாவுக்கு இருக்கட்டும். நம்ம குழாயி தண்ணியப் பாருங்க மாப்ள,” என்று ஒரு சொம்பு நிறையப் பிடித்து நீட்டினார்.

இளவரசன் சொம்பை மூக்கருகே கொண்டுபோனான். மோந்து பார்த்தான். அடுக்களைப் பக்கம் திரும்பினான். மறுபடி மோந்தான். வடை வாசனை அடுக்களையிலிருந்து வருகிறதா, சொம்பிலிருந்து வருகிறதா என்று பாவம், அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. எழுத எழுத எனக்கும் மூக்கெல்லாம் வடை. என் சொந்தக் கம்ப்ரசருக்கு எண்ணெய் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தும் அதே வாசனைதான்.

நீங்கள் கதைக்கு வெளியே இருக்கிறீர்கள். உங்கள் மூக்கு சுத்தமாக இருக்கும். சொம்பை இப்படி வாங்குங்கள். மேலே படலம் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். மோந்து பார்த்து, என்னிடம் சொல்லவேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். மீசையைத் தடவியபடி நிற்கிறார். உள்ளே குழந்தை தூங்குகிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.